எடுத்தவர் வந்து சொல்லட்டும்

ராய்ச்சூர் கேம்ப்
8.7.1985

சௌந்திரத்துக்கு,

கேம்ப் வந்து சேர்ந்தேன். இங்கே மழை ஏமாற்றிவிட்டது, அதனால் போர்வெல் போட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதமாட்டாய். தெரியும்.

நான் எழுதுகிற காரணம் வேறு. அந்த வாட்ச்சோடு டப்பாவில் ஒரு மடித்த காகிதம் இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி இங்கிலீஷில். அதை உடனே தபாலில் அனுப்பு. வாட்ச் என் கையில் இருக்கிறது. கிளம்புகிற அன்று காலை நீ பால் வாங்கப் போயிருந்தாய். ஆணியில் தொங்கியது, எடுத்துக் கட்டிக்கொண்டேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. முந்தின நாள் நீ பேசிய பேச்சுக்கு உன்னிடம் உப்புக்கூடக் கேட்கத் தோன்றாது. வேலையை விட்டுவிடு என்று கட்டிய புருஷன் ஒரு வார்த்தை சொன்னால், "நீங்க உங்க ரிக் வண்டிய விட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்கிற வாய் உனக்கு.

இந்தச் சனியன் தினமும் விடியற்காலை நாலரைக்குக் கத்துகிறது. நீ உன் பெண்பிள்ளைகளை ஓட வைக்க எழுந்து போகிற நேரம். இங்கே இருப்பவர்கள் இரவு முழுக்கத் துளை போட்டுவிட்டு அப்போதுதான் கண்ணை மூடுகிறார்கள். "மேனேஜர் வளக்கற கோழிக்குஞ்சு கத்துதுடா" என்று டிரில்லர் ஒருவன் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். மூன்று பொத்தான் இருக்கிறது. எதை அழுத்தினாலும் வேறு எதுவோ வருகிறது. பேட்டரியைப் பிடுங்கலாம் என்றால் பின்பக்கத் திருகாணி கடுகு அளவு. என்னிடம் இருப்பது கம்ப்ரஸர் கழற்றுகிற ஸ்பேனர்.

ஒரு ரிக் வண்டியையும் அத்தனை ஆளையும் கட்டி மேய்க்கிறவன் கையில் இருக்க வேண்டிய பொருள் இது. பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊத உனக்கு எதற்கு?

காகிதத்தை அனுப்பு.

சென்னிமலை


காரைக்காட்டூர்
(சேந்தமங்கலம் வழி)
15.7.1985

ரிக் மேனேஜர் உயர்திரு சென்னிமலை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்களுக்கு எழுதத் தெரியும் என்பதை மூன்று வருடத்தில் முதல் முறையாகப் பார்த்தேன். தேவை வந்தால் எழுத்தும் வருகிறது.

நீங்கள் வாட்ச்சை ஆணியிலிருந்து எடுத்த நாளில் இங்கே என்ன நடந்தது என்று எழுதுகிறேன். ரிக் வண்டி ஓடாத நேரம் பார்த்துப் படியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து என் சிநேகிதி ஷரீஃபுன்னிசா, துபாயில் இருக்கிற தன் அண்ணனிடம் சொல்லி எனக்கென்று தருவித்துக் கொடுத்த வாட்ச் அது. நானும் அவளும் ஒரே அணியில் ஓடியவர்கள். அவள் நிக்காஹ் ஆனதும் ஓட்டத்தை விட்டாள், நான் விடவில்லை, அதற்காகக் கொடுத்தாள். பள்ளி மைதானத்தில் அதை என்னைவிட நன்றாகக் கையாண்டவள் ஒன்பதாம் வகுப்பு தெய்வநாயகி. அவள் ஓடாதபோது மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் நேரம் பிடிப்பாள். முந்தின நாள் மாலையும் அவள் கையில்தான் இருந்தது. நான் வாங்கி வந்து ஆணியில் மாட்டியதே எனக்கு நினைவு வரவில்லை. முந்தின இரவு உங்களோடு கத்தியதில் மூளை கலங்கியிருந்தது.

மறுநாள் மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போது கேட்டேன்: "தெய்வா, வாட்ச் கடைசியா உங்கிட்டதானே இருந்துச்சு?" அவ்வளவுதான் கேட்டேன். தலைமையாசிரியை காதில் அது விழுந்தது. அந்தப் பிள்ளையின் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒரு மாவடு, இரண்டு நோட்டு, ஒரு சீப்பு. வீட்டுக்குப் போய் எடுத்து வா என்று விரட்டினார்கள். போனவள் திரும்பி வரவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் அதைத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனேன். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நானே வாசித்தேன். "ஆணியில் தொங்கியது, எடுத்துக் கட்டிக்கொண்டேன்" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். கோழிக்குஞ்சையும் வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் பள்ளி ஆயா சுப்பம்மாளை அனுப்பித் தெய்வநாயகியைக் கூட்டிவரச் சொன்னோம். அவள் அம்மா பொன்னாயி சொல்லியனுப்பிய பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"என்ற புள்ளயத் திருடின்னு சொன்னது பத்துப் பேருக்கு முன்னால. இல்லீன்னு காயிதத்துல வந்தா ஆச்சுங்களா? எடுத்தவிய வந்து என்ற ஊட்டு வாசல்ல நின்னு சொல்லட்டுமுங்க. அப்பறம் அனுப்பறனுங்க."

காகிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் பொன்னாயி வாசலில் நின்ற செய்தி வந்ததும் அனுப்புகிறேன். அதுவரை நாலரைக்கு எழுந்திருங்கள். உடம்புக்கு நல்லது.

சௌந்திரம்


ராய்ச்சூர் கேம்ப்
22.7.1985

சௌந்திரத்துக்கு,

புருஷன் எழுதிய கடிதத்தை ஊர்ப் பிள்ளைகள் கூட்டத்தில் நின்று வாசித்த பொம்பளையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. உன் அப்பாவுக்குத் தெரிந்தால் நாண்டுகொள்வார். என் அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும். கடைவீதியில் நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

பொன்னாயி வாசலில் நான் நிற்பதா? நம் கடலைக்காட்டில் என் தாத்தா காலத்திலிருந்து களை வெட்டுகிற குடும்பம் அது. எங்கள் வீட்டு முற்றம் தாண்டி உள்ளே வராதவர்கள். அவள் வாசலில் போய் நான், "நாந்தான் எடுத்தேன்" என்று சொல்லவேண்டுமாம். என் சொந்த வீட்டு ஆணியிலிருந்து எடுத்ததற்கு. உன் பொருள் என் பொருள் என்று பிரித்துப் பேச நீ எந்தக் காலேஜில் படித்தாய்?

ஒரு வழி சொல்கிறேன். பைப் ஏற்றிவந்த லாரி டிரைவர் சின்னண்ணன் அடுத்த வாரம் திருச்செங்கோடு திரும்புகிறான். அவனிடம் வாட்ச்சைக் கொடுத்துவிடுகிறேன். நீ அந்தப் பிள்ளைக்கு இரண்டு பாவாடைத் துணி எடுத்துக் கொடு. சரியாகிவிடும். இதெல்லாம் இப்படித்தான் சரியாகும்.

அதுவரை இதன் வாயை அடைக்க வழி சொல். நேற்று மேல் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். இப்போது நாலரைக்குக் கத்துவதோடு மணிக்கு மணியும் கத்துகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தால் பதினேழு என்று காட்டுகிறது. பதினேழு மணி எந்த ஊரில் இருக்கிறது? துபாயில் இருக்கிறதோ என்னவோ. வாட்ச்சைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். சமையல்காரன் அரிசி அளக்கும்போது கத்தி, அவன் படியைக் கீழே போட்டுவிட்டான்.

சென்னிமலை


காரைக்காட்டூர்
31.7.1985

மேனேஜர் அவர்களுக்கு,

பதினேழு மணி உங்கள் ஊரிலும் இருக்கிறது, ரயில்வே ஸ்டேஷனில். மாலை ஐந்தை அப்படியும் சொல்வார்கள். வலது பக்கப் பொத்தானில் உங்கள் கட்டைவிரல் பட்டிருக்கும். பன்னிரண்டு மணிக் கணக்கை இருபத்திநாலு மணிக் கணக்காக மாற்றிவிட்டீர்கள். வாட்ச்சுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னதை அது செய்கிறது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்கிறவருக்குக் கட்டுப்படுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும், அதனால் வாட்ச்சின் மேல் எனக்கு இரக்கம்தான்.

சின்னண்ணனிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். பழைய துணியில் சுற்றி டூல்ஸ் பெட்டிக்குள் போட்டு வருகிற வாட்ச்சை நான் வாங்கமாட்டேன். பாவாடைத் துணியும் எடுக்கமாட்டேன். திருடி என்று சொல்லிவிட்டுத் துணி கொடுத்தால், அதை உடுத்திக்கொண்டு அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் நடக்கும்?

தெய்வநாயகி இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? பள்ளிக்கு வராத பிள்ளையை வீட்டில் வைத்துச் சோறு போட முடியாது என்று பொன்னாயி கூடவே கூட்டிப் போகிறாள். உங்கள் கடலைக்காட்டுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை நான் வரப்பில் போனபோது குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டாள். அத்தை என்னிடம், "ஓடறதுக்கு இது தேவலை சாமி, கைக்கு ஒரு வேலை" என்றார். உங்கள் வீட்டு நியாயம் உங்கள் காட்டிலேயே விளைகிறது.

செப்டம்பரில் நாமக்கல்லில் மண்டல அளவிலான போட்டி. அவளை நம்பித்தான் பெயர்கள் எழுதினேன். நாலு பேர் ஓடும் ஓட்டத்தில் அவள் கடைசியாக ஓடுகிறவள். ஸ்டாப் வாட்ச்சில் ஒரு வசதி இருக்கிறது. முதல் பிள்ளை கோட்டைத் தாண்டும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் அவள் நேரம் மட்டும் முகத்தில் நிற்கும், உள்ளே ஓட்டம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். மறுபடி அழுத்தினால் ஓடுகிற நேரம் தெரியும். இதை நான் அவளுக்கு ஒரு தரம்தான் காட்டினேன். பிடித்துக்கொண்டாள். நீங்கள் அரிசி டின்னில் புதைத்தீர்கள்.

காகிதம் என்னிடமே இருக்கும்.

சௌந்திரம்


ராய்ச்சூர் கேம்ப்
9.8.1985

சௌந்திரம்,

உனக்குச் சந்தோஷமான செய்தி. உன் வாட்ச் என் மானத்தை வாங்கிவிட்டது.

ஒரு பெரிய நிலத்துக்காரர். முதல் போர் போடுகிறார். சொந்தபந்தமெல்லாம் வந்து நிற்கிறது. புள்ளி குறித்து, தேங்காய் பழம் வைத்து, நான் கற்பூரம் கொளுத்திக் கையைத் தூக்குகிறேன், இது கத்துகிறது. நாலரையும் இல்லை, முழு மணியும் இல்லை. எதையோ அழுத்தி இறங்குமுகமாக எண்ணுகிற ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறேன், அது பூஜ்யத்துக்கு வந்ததும் கத்தியது. எந்தப் பொத்தானைக் குத்தினாலும் நிற்கவில்லை. கற்பூரம் அணைந்துவிட்டது. நிலத்துக்காரர் முகம் கறுத்துவிட்டது. சகுனம் சரியில்லை, இந்த இடம் வேண்டாம் என்றார். பாஷை தெரிந்த ஆளை வைத்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவராகவே நடந்துபோய் வேறு இடத்தைக் காட்டினார். போட்டோம். கடைசிவரை கல்தூள் புகைதான் வந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை.

டிரில்லர்கள் என்னிடம் பேசுவதில்லை. "மொதப் புள்ளில தண்ணி இருந்துச்சுங்க, உங்க குஞ்சு கத்திக் கெடுத்துருச்சு" என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான். அந்த நிலத்துக்காரர் சம்சாரம் ஓரமாக உட்கார்ந்து அழுதது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

இதைக் கிணற்றில் வீசிவிட்டுப் போகலாமே என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். தண்ணீரில் போட்டாலும் கெடாது என்று நீதானே பெருமையடித்தாய். கிணற்றுக்குள்ளிருந்தும் கத்தும்.

நான் ஏன் எடுத்தேன் என்று நீ ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. திருடன் என்று கூட்டத்தில் வாசிக்கத்தான் தெரிந்தது. வருஷத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருகிறேன். வந்த பத்து நாளும், இது நாலரைக்குக் கத்தும், நீ எழுந்து டிராக் பேண்ட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். திரும்பி வந்து குளித்துப் பள்ளிக்குப் போவாய். சாயங்காலம் மறுபடி மைதானம். புருஷன் வந்திருக்கிறான் என்று ஒரு நாள், ஒரே நாள், அதை அணைத்துவிட்டுப் படுத்திருக்கலாம். உனக்கு அணைக்கத் தெரியும்.

காகிதத்தை அனுப்பினால் அனுப்பு. இல்லாவிட்டால் போ.

சென்னிமலை


காரைக்காட்டூர்
17.8.1985

உங்கள் கடிதம் கிடைத்தது.

காகிதத்தை அனுப்பினாலும் உங்களால் வாசிக்க முடியாது. அதனால் நானே தமிழில் எழுதுகிறேன். இது உங்களுக்காக இல்லை. தூங்கவேண்டிய அந்த ஆட்களுக்காகவும், அடுத்துப் பூஜை போடப்போகிற யாரோ ஒரு நிலத்துக்காரருக்காகவும்.

வாட்ச்சைக் கையில் கட்டியபடி இதைச் செய்யாதீர்கள். கழற்றி மேசைமேல் வைத்து, ஒரு விரலை மட்டும் பயன்படுத்துங்கள். இடது பக்கம் கீழே இருக்கிற பொத்தானை அழுத்தினால் முகம் மாறும். முதலில் மணி, அடுத்து அலாரம், அடுத்து நீங்கள் கிளப்பிவிட்ட அந்த இறங்குமுகம், அதற்கு டைமர் என்று பெயர், கடைசியாக ஸ்டாப் வாட்ச். மறுபடி அழுத்தினால் மணிக்கே திரும்பும். அலாரம் முகத்தில் நிறுத்திக்கொண்டு வலது பொத்தானை ஒவ்வொரு தரமாக அழுத்துங்கள். மேலே சின்ன மணி ஒன்றும் அலைபோல ஒரு குறியும் வந்து வந்து போகும். மணி இருந்தால் நாலரைக்குக் கத்தும். அலை இருந்தால் மணிக்கு மணி கத்தும். இரண்டும் மறைகிற இடத்தில் விரலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு தரம்கூட அழுத்த வேண்டாம், உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. டைமர் ஓடிக்கொண்டிருந்தால் வலது பொத்தானை ஒரு தரம் தட்டினால் நிற்கும்.

நேரமோ தேதியோ தவறியிருந்தால், மணி முகத்தில் இடது மேல் பொத்தானைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடியுங்கள். ஓர் எண் கண் சிமிட்டும். சிமிட்டுகிற எண்ணைத்தான் மாற்றமுடியும். மற்ற எண்களின் மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. அது முடிந்ததும் அடுத்த எண்ணுக்குப் போகவேண்டும். அவசரப்பட்டு எல்லாப் பொத்தானையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் குளறும்.

ஆக, இனி அது கத்தாது. என்னிடம் நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டேன். நான் கேட்டதை இனிக் கேட்கப்போவதில்லை. பொன்னாயி தன் தங்கை வீட்டுக்கு ஜலகண்டாபுரத்துக்குத் தெய்வநாயகியை அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டாள். அங்கே தறிப்பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிடுவார்களாம். ஆவணி பிறந்துவிட்டது, மாதம் முடிவதற்குள் போய்விடுவாள் என்று சுப்பம்மாள் சொன்னாள். நாமக்கல் போட்டிக்கு வேறு பிள்ளையின் பெயரை எழுதிவிட்டேன்.

நாலரைக்கு நான் எழுந்து போனது பற்றி எழுதியிருக்கிறீர்கள். வந்த பத்து நாளும் நீங்கள் ஒன்பது மணிவரை தூங்கினீர்கள். நான் திரும்பிவரும்போதும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் எழுந்து என்னோடு மைதானம்வரை நடந்து வந்திருக்கலாம். உங்களுக்கும் கால் இருக்கிறது.

சௌந்திரம்


ராய்ச்சூர் கேம்ப்
2.9.1985

சௌந்திரத்துக்கு,

நீ எழுதியபடி மேசைமேல் வைத்து ஒரு விரலால் செய்தேன். கத்தல் நின்றுவிட்டது. ஆட்கள் தூங்கினார்கள். எனக்குத்தான் நாலரைக்கு விழிப்பு வந்தது.

நான் ஊருக்கு வந்ததையும் போனதையும் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைதானத்தில் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், "ஓரமா நில்லுங்க, பிள்ளைக ஓடற கோட்டுல நிக்கறீங்க" என்று சொன்னது தவிர. அதனால் நானே எழுதுகிறேன். சுப்பம்மாள் மூலம் உனக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்திருக்கும்.

நிலத்துக்காரரிடம் போய், பணம் வாங்காமல் முதல் புள்ளியில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லலாம் என முதலாளியிடம் கேட்டேன். முதலாளி சிரித்தார். அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று கேட்காதே. சேலத்தில் இறங்கி, நாமக்கல் வழியாகச் சேந்தமங்கலம் வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே பொன்னாயி வீட்டுக்குத்தான் போனேன். வீட்டுக்குப் போயிருந்தால் அம்மா விட்டிருக்காது.

பகல் நேரம். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். ஒரு கிழவர் கட்டிலை விட்டு எழுந்து, "ஏனுங்க சாமி, வழி தவறிட்டீங்களா" என்று கேட்டார். பொன்னாயி வெளியே வந்து என்னைப் பார்த்துத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "வாட்ச்ச எடுத்தது நாந்தான். உம்புள்ள எடுக்கல." அதற்கு அவள், "சத்தமாச் சொல்லுங்க, அக்கம்பக்கத்துல கேக்கட்டும்" என்றாள். என் வயதுக்கு என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சத்தமாகச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை கதவோரம் நின்றது. மூட்டை கட்டி வைத்திருந்தார்கள், ஜலகண்டாபுரம் போக. நான் வாட்ச்சைக் கழற்றி நீட்டினேன். "இந்தா சாமி, நீயே கொண்டுபோய் டீச்சர்கிட்டக் குடுத்துரு" என்றேன். அது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. "நான் தொட மாட்டனுங்க. நீங்களே குடுத்துருங்க" என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திட்டிவிட்டு வந்திருப்பேன். பயந்து சொல்லிற்று. ஒரு வாட்ச்சைப் பார்த்துப் பதினாலு வயதுப் பிள்ளை பாம்பைப் பார்த்த மாதிரி பின்னால் போயிற்று. நீட்டின கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் மைதானத்துக்கு வந்தேன். நீ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு விசிலை ஊதினாய்.

இன்னொன்று. திரும்பும்போது பொன்னாயி கேட்டாள்: "டீச்சரம்மா வல்லீங்களா?" ஸ்கூல் இருக்கிறது என்றேன். எனக்கு நீ எத்தனை பாடம் நடத்தினாய். நீ ஒரு தரமாவது அந்த வீட்டுக்குப் போனாயா? ஆயாவைத்தானே அனுப்பினாய்?

சென்னிமலை


காரைக்காட்டூர்
30.9.1985

மாமா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாளாயிற்று. போட்டி வேலை என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப்போட எடுத்தேன். கிழிக்கவில்லை.

தெய்வநாயகி நீங்கள் போன இரண்டாவது நாள் பள்ளிக்கு வந்தாள். எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுத, தலைமையாசிரியையோடு சண்டை போட்டேன். நாமக்கல்லில் ஓடினாள். தனி ஓட்டத்தில் முதலாவது வந்தாள், நாலு பேர் ஓட்டத்தில் கோலைக் கடைசியாக வாங்கி இரண்டு பேரைத் தாண்டினாள். மாவட்ட அணிக்கு எடுத்திருக்கிறார்கள். சேலத்தில் பயிற்சி முகாம்.

இதையெல்லாம் நான் பெருமையாக எழுதவேண்டும். எழுத வரவில்லை.

வந்த நாளிலிருந்து அவள் என்னிடம், "ஆமாங்க", "இல்லீங்க" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. சொன்னதைச் செய்கிறாள். எட்டு சுற்று என்றால் எட்டு சுற்று. வாட்ச்சைக் கையில் வாங்கமாட்டேன் என்கிறாள். மற்றப் பிள்ளைகள் ஓடும்போது தூரப் போய் நின்றுகொள்கிறாள். நாமக்கல்லில் பரிசு வாங்கி இறங்கியதும் வேறு ஊர் ஆசிரியர் ஒருவர் அவளிடம், "யாரும்மா உன் கோச்?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். பெயர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

நேற்றுச் சேலத்துக்குக் கிளம்பினாள். மைதானத்துக்கு வந்து சொல்லிக்கொண்டு போவாள் என்று காத்திருந்தேன். சுப்பம்மாள்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்து சொன்னாள். பஸ் ஏற்றிவிடப் பொன்னாயியும் வந்திருந்தாளாம். சுப்பம்மாளிடம், "அந்தக் கவுண்டரு வந்து நின்னாரு. நல்லாத்தான் சொன்னாரு" என்றாளாம். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

இத்தனை நாளும் உங்களைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. எடுத்தவர் நீங்கள். ஆனால் பத்துப் பேர் நடுவில் அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டது நீங்கள் இல்லை. உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். நான் கேட்டதைப் பற்றிக் கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை. பை கவிழ்ந்தபோது தடுக்கவில்லை. தலைமையாசிரியை மேல் பழியைப் போட்டுவிட்டு, ஆயாவை அனுப்பிவிட்டு, உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

வேலையை விடமாட்டேன். அதில் மாற்றம் இல்லை. அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அது பரவாயில்லை.

பொன்னாயி வீட்டுக்குப் போகலாம் என்று நேற்றுச் சாயங்காலம் அந்தத் தெரு முனைவரை போனேன். கால் வரவில்லை. கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். நான் வெற்றிலை போடுவதில்லை.

நீங்கள் போய் வந்தவர். எப்படிப் போய் நின்றீர்கள்? முதலில் என்ன சொன்னீர்கள்? எழுதுங்கள்.

சௌந்திரம்


ராய்ச்சூர் கேம்ப்
7.10.1985

சௌந்திரம்,

டீச்சருக்கு நான் பாடம் சொல்லவேண்டிய காலம். சரி, கேள்.

வெற்றிலை, பழம், பாவாடைத் துணி, எதுவும் வாங்கிப் போகாதே. வெறுங்கையோடு போ. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி வீட்டில் வைத்துவிடு. வெயில் இருக்கும்போதே போ. இருட்டினபிறகு போனால் ஒளிந்து வந்த மாதிரி இருக்கும், அவளும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள். தெருவில் யாராவது எங்கே என்று கேட்டால், பொன்னாயி வீட்டுக்கு என்று சொல்லு. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் திரும்ப முடியாது. எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

கூப்பிட்டதும் வெளியே வரமாட்டாள். அடுப்பில் ஏதாவது இருக்கும், அல்லது இருப்பது போல உள்ளேயே இருப்பாள். நில். யாரும் இல்லை போலிருக்கிறது என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடாதே. உட்காரச் சொல்லமாட்டாள். சொன்னாலும் உட்காராதே.

"வாட்ச் காணாமப் போனதால" என்று ஆரம்பிக்காதே. "பெரிய டீச்சர் சொன்னதால" என்றும் ஆரம்பிக்காதே. உன் தலைமையாசிரியையை அங்கே இழுக்காதே. என்னையும் இழுக்காதே, நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன். "கேட்டது நாந்தான்" என்று ஆரம்பி. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லு.

அவ்வளவுதான். அதற்கு மேல் உனக்கு விளக்கம் சொல்லத் தோன்றும். சொல்லாதே. வாயை மூடிக்கொண்டு நில். உனக்கு அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

சென்னிமலை